மைனருக்கு என்ன விலை?

மொறிஸ் மைனர் கார் 1948இல் வந்தது. 1971இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றது. இலங்கையில் அறுபதுகளில் இறக்குமதி இறுகியதால் பழைய காரே குடும்பச் சொத்தானது.

மட்டக்களப்பில் அதன் விலையைக் குறைப்பது வாவிக் காற்றின் உப்பு. கார் பார்க்கப் போனால் என் மாமா பெயின்ற்றைக் கவனிக்கமாட்டார். கால்விரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தளத்தைத் தட்டுவார். சத்தம் மந்தமாக வந்தால் துரு. பிறகு முன்சில்லை ஜாக்கில் உயர்த்தி ஆட்டுவார். சில்லைத் தாங்கும் ட்ரனியன் மூட்டு தேய்ந்திருந்தால் ஓடும்போதே சில்லு மடங்கிவிடலாம். "விலையைக் கடைசியாக் கேளுங்க மருமகன்" என்பார்.

1957க்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கத் தகடு இருந்தால் விற்பவர் லேசில் இறங்கமாட்டார். அவ்வாண்டு வந்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்துத் தகட்டை எதிர்த்துத் தமிழர் போராடியதை அறிந்த எனக்கு, அந்தப் பிடிவாதம் நியாயமாகவே படுகிறது. தகரவேலைச் செலவை மட்டும் கழித்துக் கேட்பேன்.