மண்ணில் எழுந்து மண்ணில் மறைந்த கோட்டைகள்

அகழி என்றதும் ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டில் மதீனாவைக் காத்த அகழ்ப்போரும், அதற்கு யோசனை கூறிய ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. கொங்கு நாட்டுச் சமவெளியின் மண்கோட்டைகளும் அகழியை நம்பியே நின்றவை. கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டில் இன்று மதிலும் இல்லை, அகழியும் இல்லை. பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது.

மண்கோட்டையின் அமைப்பு எளிமையானது. சுற்றிலும் பள்ளம் தோண்டினர். தோண்டிய மண்ணே மதிலாக உயர்ந்தது. ஓர் உழைப்பில் இரு காவல்கள் கிடைத்தன. பள்ளம் பகைவரின் ஏணியைத் தடுத்தது. கல்மதில் குண்டுபட்டுச் சிதறும். பருத்த மண்மதிலோ குண்டை விழுங்கிக்கொள்ளும். ஆயினும் மழையில் கரையும் அம்மதிலை இடைவிடாது செப்பனிட வேண்டியிருந்தது.

மைசூருக்கும் மலபாருக்கும் இடைப்பட்ட வழியில் இருந்ததால் கோயம்புத்தூர்க் கோட்டை பலமுறை கைமாறியது. 1768-இல் ஆங்கிலேயர் பிடித்தனர். ஹைதர் அலி மீட்டார். 1783-இல் மீண்டும் பிடித்தனர்; மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கைப்படி திருப்பித் தந்தனர். 1790-இல் ஜெனரல் மெடோஸின் படை மறுபடியும் கைப்பற்றியது.

1791-இல் திப்பு சுல்தானின் படை கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே லெப்டினன்ட் சால்மர்ஸ் என்ற ஆங்கிலேயரின் தலைமையில் திருவிதாங்கூர் வீரர்கள் இருந்தனர். ஜூன் மாதத் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. நவம்பரில் தளபதி கமருத்தீன் கானிடம் கோட்டை பணிந்தது. சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் சென்ற சால்மர்ஸையே, 1792 பிப்ரவரியில், சமாதானக் கடிதத்துடன் காரன்வாலிஸிடம் அனுப்பினார் திப்பு.

இப்போரை இரு சமயங்களின் போராகச் சித்திரிப்போர் உண்டு. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. ஹைதராபாத் நிஜாம் ஆங்கிலேயருடன் சேர்ந்து திப்புவை எதிர்த்தார்; மராட்டியரும் அவ்வணியிலேயே நின்றனர். திப்புவின் நிர்வாகத்தைத் தாங்கியவர் பூர்ணய்யா. அகழியின் இருகரையையும் பிரித்தது அரசியலேயன்றிச் சமயம் அன்று.

பாலக்காட்டில் ஹைதர் அலி 1766-இல் எழுப்பிய கருங்கற்கோட்டை அகழியுடன் இன்றும் நிற்கிறது. மண்கோட்டைகளுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. கோவைக் கோட்டையைத் திப்பு சுல்தானே இடித்துவிட்டார். ஈரோட்டுக் கோட்டை, தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-இல், நிவாரண வேலையாகத் தரைமட்டமாக்கப்பட்டது. படை தடுக்க எழுந்த மண், பசித்தோருக்குக் கூலி தந்து மறைந்தது.

கோட்டைமேடு என்றால் 1997, 1998-ஆம் ஆண்டுகளின் துயரங்களை மட்டுமே நினைப்போர் பலர். அங்கே வளரும் நம் பிள்ளைகளும் அதையே தம் ஊரின் முழுக்கதையாக எண்ணிவிடலாகாது. சங்கமேசுவரர் கோயிலும் பள்ளிவாசல்களும் அருகருகே நிற்கும் அத்தெருக்களுக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது வீட்டுப் பெரியவர்களாகிய நம் கடமையாகும்.