முதல் சுற்றில் முன்னிலை: வாக்கு எண்ணும் நாளைப் பின்தொடர்வது எப்படி?

வாக்கு எண்ணும் நாளன்று காலை எட்டரை மணிக்கே நம் தெருக்களில் யாராவது ஒருவர் ஜெயித்துவிடுகிறார். பத்து மணிக்கு அவரே தோற்றுவிடுகிறார். லுஹர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலில் மூன்று விதமான எண்கள் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாருடைய கைப்பேசியிலும் ஆதாரம் இருக்கும்.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்தி என்ன என்று பார்ப்பதற்கு முன், அதை யார் யாரிடமிருந்து கேட்டுச் சொன்னார் என்று பார்ப்பார்கள். வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அந்தச் செய்தியின் தரம் இறங்கிவிடும். தேர்தல் எண்ணுக்கும் இப்படி ஓர் அறிவிப்பாளர் வரிசை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அன்றைய பதற்றத்தில் பாதி குறைந்துவிடும்.

வரிசை தொடங்குவது வாக்குச்சாவடியில். வாக்குப்பதிவு முடிந்ததும் அங்கே எத்தனை வாக்குகள் பதிவாயின என்பதைத் தலைமை அலுவலர் படிவம் 17சி-யில் எழுதி, கட்சி முகவர்களுக்கு நகல் கொடுக்கிறார். இயந்திரம் முத்திரையிடப்பட்டுக் காப்பறைக்குப் போகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சித் தொகுதி ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. எண்ணிக்கை ஜூன் 4 அன்று. இடையில் 46 நாட்கள். எண்ணிக்கை நடந்த இடம் நம் ஜமால் முகமது கல்லூரி. 1951இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் எண்ணும் நாளில் அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்த வளாகத்துக்குள் அவர்களும் நுழைய முடியாது.

எண்ணும் மேசைக்கு இயந்திரம் வந்ததும், முகவர் தன்னிடமுள்ள 17சி நகலோடு முத்திரை எண்ணையும் மொத்த வாக்கையும் ஒப்பிடுகிறார். ஒரு சட்டமன்றத் தொகுதிக்குப் பெரும்பாலும் 14 மேசைகள். பதினான்கு இயந்திரங்கள் எண்ணி முடித்தால் ஒரு சுற்று. 336 சாவடிகள் உள்ள தொகுதி என்றால் 24 சுற்றுகள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் தேர்தல் நடத்தும் அலுவலரும் பார்வையாளரும் கையொப்பமிட்ட பிறகே அந்த எண் அறிவிக்கப்படுகிறது; ஆணையத்தின் தளத்திலும் ஏறுகிறது. தொலைக்காட்சி இதைவிட முந்தி ஓடுகிறது. எண்ணும் கூடத்திலிருந்து யாரோ வெளியே வந்து சொன்னதை, செய்தியாளர் கேட்டு, அலுவலகத்துக்குச் சொல்லி, அது திரையில் வருகிறது. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வரிசையில் கையொப்பம் இல்லை.

கையொப்பமிட்ட எண்ணாகவே இருந்தாலும், முதல் சுற்று தொகுதியின் முகம் அல்ல. சாவடிகள் எண் வரிசைப்படி மேசைக்கு வருகின்றன. அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்த தெருக்கள். ஸ்ரீரங்கம் என்றதும் வெளியூர்க்காரருக்குக் கோயிலும் அதைச் சுற்றிய வீதிகளும்தான் நினைவுக்கு வரும். ஸ்ரீரங்கம் சட்டமன்றத் தொகுதியோ காவிரியைத் தாண்டித் தெற்கே மணிகண்டம், இனாம்குளத்தூர் என்று கிராமங்களாக நீள்கிறது. தீவில் உள்ளவர்கள் ஒரு மாதிரி வாக்களித்து, வயல்காட்டு ஊர்கள் வேறு மாதிரி வாக்களித்தால், எந்தப் பக்கம் முதலில் எண்ணப்படுகிறதோ அந்தப் பக்கத்து வேட்பாளர் காலையில் முன்னிலையில் இருப்பார். அதற்குமேல் அந்த முன்னிலைக்குப் பொருள் இல்லை.

தொகுதி முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்தால் கதை வேறு. ஜெயலலிதா தண்டனை பெற்றுப் பதவி இழந்ததால் 2015 பிப்ரவரியில் ஸ்ரீரங்கத்தில் நடந்த இடைத்தேர்தலில், அதிமுகவின் வளர்மதி திமுகவின் ஆனந்தை 96,516 வாக்குகளில் வென்றார். அவ்வளவு இடைவெளி இருந்தால் எந்தச் சுற்றைப் பார்த்தாலும் ஒரே செய்திதான். அடுத்த ஆண்டே பொதுத்தேர்தலில் அதே வளர்மதி, திமுகவின் பழனியாண்டியை 14,409 வாக்குகளில்தான் வென்றார். இதை இருபத்து சொச்சம் சுற்றுகளுக்குப் பிரித்தால் ஒரு சுற்றுக்குச் சராசரி அறுநூறு, எழுநூறு வாக்குகள். இரண்டு சாவடிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தாலே ஒரு சுற்று புரண்டுவிடும். 2021இல் பழனியாண்டி 19,915 வாக்குகளில் வென்றார். ஆகவே முன்னிலையைக் கேட்டவுடன் அடுத்துக் கேட்க வேண்டியது, எத்தனை சுற்று முடிந்தது, எத்தனை பாக்கி என்பதுதான். இந்த இரண்டும் இல்லாமல் வரும் முன்னிலைச் செய்தியை நான் அடுத்தவருக்கு அனுப்புவதில்லை.

கடைசிச் சுற்றுகள் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டில் உதாரணம் ஏராளம். 2021இல் கோவை தெற்கில் கமல்ஹாசன் பல சுற்றுகள் முன்னிலையில் இருந்தார். 1,728 வாக்குகளில் வென்றவர் வானதி சீனிவாசன். 2024இல் தருமபுரியில் முதலில் முன்னிலை பெற்றவர் பாமகவின் சௌமியா அன்புமணி. முடிவில் திமுகவின் மணி 21,300 வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். 2009இல் சிவகங்கையில் ப. சிதம்பரம் தோற்றுவிட்டார் என்று செய்தி ஓடிய பிறகு, 3,354 வாக்குகளில் அவர் வென்றதாக அறிவிப்பு வந்தது. அதுகுறித்த சண்டை நீதிமன்றம் வரை போனது.

நம் சமுதாயத்தை நேரடியாகத் தொட்டது 2019 வேலூர். பணம் பிடிபட்டதால் ஏப்ரலில் ரத்தான தேர்தல் ஆகஸ்ட் 5 அன்று நடந்து, 9 அன்று எண்ணப்பட்டது. தொடக்கத்தில் ஏ.சி. சண்முகம் முந்தினார். இறுதியில் திமுகவின் கதிர் ஆனந்த் 8,141 வாக்குகளில் வென்றார். வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகள் அவருக்குக் கைகொடுத்தன. உடனே, “பாய்மார் பெட்டி திறந்ததும் மாறிவிட்டது” என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. சிலர் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். சிலர் வெறுப்போடு சொன்னார்கள். இரண்டுமே கணக்குத் தெரியாத பேச்சு. குடியாத்தத்திலும் அணைக்கட்டிலும் கதிர் ஆனந்துக்கு விழுந்த ஒவ்வொரு வாக்கும் அந்த 8,141க்குள் இருக்கிறது. கடைசியில் எண்ணப்பட்ட வாக்குக்கு எடை கூடுதல் இல்லை.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் வாக்கு ரகசியம். நம் தெருவின் வாக்கு ரகசியமல்ல. சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்பது படிவம் 20இல் வெளியாகிறது. ஒரு மஹல்லா முழுவதும் ஒரே சாவடியில் வாக்களித்தால், அந்த மஹல்லா எந்தப் பக்கம் என்று யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். சாலை வராததற்கும் தண்ணீர் வராததற்கும் அந்தப் பட்டியலைக் காரணமாக்கும் அரசியல்வாதிகள் எல்லாக் கட்சியிலும் உண்டு. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்ததும் அது போய்விட்டது. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து ஒரே கூட்டாகக் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. இது முஸ்லிம்களுக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. தனிக் குடியிருப்பாக வாழும் தலித் மக்களுக்கும் மீனவ மக்களுக்கும் இதே நிலைதான். சமுதாய இயக்கங்கள் இதைப் பற்றி ஏன் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

வெளிநாட்டுத் தேர்தலைப் பின்தொடரும்போது இந்த வரிசை மாறும். 2025 ஜூன் 24 அன்று நியூயார்க் மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல், அதாவது பிரைமரி, நடந்தபோது ஸொஹ்ரான் மம்தானிக்காக நம் வீடுகளிலும் பலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவே அவர் சுமார் 43 சதவீதத்துடன் முந்தினார். எதிரே நின்ற கியூமோ தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே வாக்காளர் ஐந்து பேர் வரை விருப்ப வரிசையில் குறிக்கலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் நிற்பவர்களை நீக்கி, அவர்களுடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். அப்படிச் செய்து 56 சதவீதம் என்ற எண் ஜூலை 1 அன்றுதான் வந்தது. நம் ஊரில் அந்தக் கணக்கு இல்லை. ஒரு வாக்கு கூடினாலும் வெற்றிதான்.

அந்த ஒரு வாக்கு எங்கிருந்து வரும் என்பதற்காகவே தபால் வாக்கைக் கவனிக்க வேண்டும். காலை 8 மணிக்கு முதலில் கையில் எடுப்பது அதைத்தான். அரை மணி நேரம் கழித்து இயந்திரங்கள். தேர்தல் பணியில் இருந்த ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், படையினர், வீட்டிலிருந்தே வாக்களித்த முதியவர்கள் ஆகியோரின் வாக்குகள் அவை. எட்டேகாலுக்கு வரும் முன்னிலை இவர்களுடையது, பொதுமக்களுடையது அல்ல. 2016இல் ராதாபுரத்தில் அப்பாவு 49 வாக்குகளில் தோற்றார். செல்லாது என ஒதுக்கப்பட்ட 203 தபால் வாக்குகள் குறித்து அவர் வழக்குத் தொடுத்தார். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவிட்டு, எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தபால் வாக்கு எண்ணி முடிந்த பிறகே இயந்திர வாக்கின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ஆணையம் விதியை மாற்றியது. நல்ல மாற்றம்.

இயந்திரச் சுற்றுகள் முடிந்தாலும் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் தேர்ந்தெடுத்த ஐந்து சாவடிகளின் விவிபாட் சீட்டுகளை எண்ணி இயந்திரத்தோடு ஒப்பிடுகிறார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவு அது. 2024இல் திருச்சியில் துரை வைகோ பெற்ற 3,13,094 வாக்கு வித்தியாசம் போன்ற நிலையில் யாரும் அதற்காகக் காத்திருப்பதில்லை. இடைவெளி சில நூறு என்றால் இந்த நேரத்தில்தான் கூடத்தில் குரல் உயரும். மறுஎண்ணிக்கை கோருபவர் முடிவு அறிவிக்கும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். வாக்குகள் சமமாக நின்றால் சீட்டுக் குலுக்கல்.

அறிவிப்புக்குப் பிறகு இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்தவர்கள் ஏழு நாட்களுக்குள் கட்டணம் கட்டி, ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சதவீத இயந்திரங்களைப் பரிசோதிக்கக் கேட்கலாம். தேர்தல் வழக்குத் தொடர 45 நாள் அவகாசம் உண்டு.