பழம்பாட்டும் பாடகர் நாவும்

எழுத்து நிலைத்து நிற்கும். ஒலி காற்றோடு போய்விடும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவன் யாத்த பாட்டு ஏட்டில் அப்படியே இருக்கலாம். ஆனால், அதை அவன் எவ்வாறு ஒலித்தான் என்பதைச் சொல்ல அந்த ஏடு வாய் திறவாது. படிப்பவனுக்கு இது பெரும் இடையூறு அன்று. கண்ணால் கண்டு பொருள் கொண்டு அமையலாம். பாடுபவன் நிலை வேறு. அவன் வாய் திறந்தாக வேண்டும். திறந்தால் ஏதேனும் ஓர் ஒலி வந்தாக வேண்டும். எண்பது பேர் சேர்ந்து பாடும் குழுவாயின், எண்பது வாயிலிருந்தும் ஒரே ஒலி எழ வேண்டும். அந்த ஒலி எது? மேலைநாட்டுப் பாடற்குழுக்கள் நெடுநாளாக எதிர்நோக்கி வரும் கேள்வி இது. இதன் பின்னே ஆயிரம் ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

மடத்தில் கிடைத்த சுவடி

1803-ஆம் ஆண்டில் தென் ஜெர்மனியின் பவேரிய அரசு, தன் எல்லையிலிருந்த மடங்களின் உடைமைகளைத் தன்வசமாக்கிக் கொண்டது. அப்போது பெனடிக்ட்பாயர்ன் என்னும் ஊரின் மடத்து நூல்நிலையத்தில், யோஹான் கிறிஸ்டோஃப் ஃபொன் அரெட்டின் என்பார் ஒரு பழைய தோற்சுவடியைக் கண்டெடுத்தார். கி.பி. 1230-ஐ ஒட்டி எழுதப்பட்ட அச்சுவடியில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் இருந்தன. காதல், கள், சூது, இளவேனில், ஊழின் கொடுமை, சமயத் தலைவர்களின் பொருளாசையைச் சாடும் அங்கதம் என அவற்றின் பொருள் பலவகைப்படும். பெரும்பாலானவை இலத்தீன் பாடல்கள். இடையிடையே அக்கால ஜெர்மன் மொழிப் பாடல்களும், சிற்சில இடங்களில் பழைய பிரெஞ்சுச் சொற்களும் விரவி வருகின்றன.

1847-இல் அச்சுவடியைப் பதிப்பித்தவர் யோஹான் அந்திரேயாஸ் ஷ்மெல்லர். பவேரிய வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்த பெருமகன் அவர். ‘பாயர்ன் பாடல்கள்’ என்னும் பொருள்பட அவர் சூட்டிய ‘கார்மினா புரானா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. எனினும், சுவடி பிறந்த இடம் அம்மடம் அன்று என்றும், தென் திரோல் பகுதியிலோ ஆஸ்திரியாவின் ஸ்டைரியாப் பகுதியிலோ எழுதப்பட்டு அங்கு வந்து சேர்ந்தது என்றும் இன்றைய ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். சுவடி இன்று ம்யூனிக் நகரிலுள்ள பவேரிய அரசு நூல்நிலையத்தில் இருக்கிறது.

அந்நகரிலே 1895-இல் பிறந்த இசைப்புலவர் கார்ல் ஓர்ஃப், இச்சுவடியிலிருந்து 24 பாடல்களைத் தேர்ந்து இசையமைத்தார். 1937-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அது அரங்கேறியது. ஊழ்த்தெய்வத்தை விளித்துத் தொடங்கும் ‘ஓ ஃபோர்டூனா’ பாடலை இன்று கேளாத நாடு அரிது. ஆங்கிலேயரும் ஜப்பானியரும் பிரேசில் நாட்டாரும் இதனைப் பாடுகின்றனர். பாடும் ஒவ்வொரு குழுவும் முதல் நாள் பயிற்சியிலேயே ஒலிப்புச் சிக்கலில் வந்து முட்டிக்கொள்கிறது.

ஒரு சொல், ஐந்து ஒலிப்பு

சிக்கலின் தன்மையை அறிய ஓரெழுத்தே போதும். இலத்தீன் நெடுங்கணக்கில் மூன்றாவதாக நிற்கும் ‘ஸி’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோர் அதன் விளையாட்டை எளிதில் காணலாம். வானத்தைக் குறிக்கும் சொல்லின் முதலில் அந்த எழுத்து நிற்கிறது. சிசெரோவின் காலத்து ரோமானியர் அச்சொல்லைக் ‘கைலும்’ என்றனர். இத்தாலியர் ‘ச்சேலும்’ என்பர். ‘பச்சை’ என்ற சொல்லில் வரும் அழுத்தமான சகரம் அது. ஜெர்மானியர் ‘த்ஸேலும்’ என்றனர். பிரெஞ்சுக்காரர் ‘ஸேலோம்’ என்றனர். பழைய ஆங்கிலேயரோ ‘ஸீலம்’ என்றனர். சொல் ஒன்றே, ஒலிப்பு ஐந்து.

அரசியைக் குறிக்கும் சொல்லும் இப்படித்தான். ஜெர்மானியருக்கு அது ‘ரெகீனா’, இத்தாலியருக்கு ‘ரெஜீனா’, ஆங்கிலேயருக்கு ‘ரிஜைனா’. இவற்றுள் எதையும் கல்லாதார் கொச்சை என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றும் அந்தந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஆலயங்களிலும் பல நூற்றாண்டு வழங்கிய ஒலியாகும்.

1528-இல் வெளிவந்த தம் ஒலிப்பு நூலில் பேரறிஞர் எராஸ்மஸ் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பேரரசர் மாக்சிமிலியன் அவையில் பல நாட்டுத் தூதர் இலத்தீனில் வாழ்த்துரை வழங்கினர். பிரெஞ்சுத் தூதரின் பேச்சைக் கேட்ட இத்தாலியர், அவர் தம் தாய்மொழியிலேயே பேசுகிறார் என்று எண்ணினராம். ஏட்டில் ஐரோப்பா முழுமைக்கும் பொதுவாக இருந்த மொழி, நாவில் அவ்வாறு இருக்கவில்லை.

வேற்றுமை விளைந்த விதம்

ரோமப் பேரரசு சிதைந்த பின், பிரான்சில் வாழ்ந்த மக்கள் இலத்தீனைத் தம் மொழியாகவே கருதி வந்தனர். பேச்சு மாறிக்கொண்டே போக, எழுத்து மட்டும் பழைய நிலையில் நின்றது. எழுதியிருந்ததைத் தம் பேச்சு வழக்கின்படியே வாசித்து வந்தனர். ஆங்கில நாட்டாரும் ஜெர்மானியரும் அப்படியல்லர். அவர்களுக்கு இலத்தீன் அயல்மொழி. ஏட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து கற்ற மொழி.

சார்லமேன் பேரரசர் இங்கிலாந்தின் யார்க் நகரத்து அறிஞர் அல்குயினைத் தம் கல்விப்பணிக்கு அழைத்துக்கொண்டார். எழுத்துத் தவறாமல் வாசிக்கும் முறை அவர் வழியாகப் பிரான்சில் புகுந்தது என்றும், அதனாலேயே பொதுமக்களுக்கு வழிபாட்டு மொழி விளங்காமற் போயிற்று என்றும் மொழி வரலாற்றறிஞர் ரோஜர் ரைட் 1982-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். 813-இல் தூர் நகரில் கூடிய சமயப் பேரவை, அறவுரைகளை மக்கள் பேசும் மொழியில் பெயர்த்துச் சொல்லுமாறு பணித்தது. ஒலிப்பு மாற்றம் எத்துணைப் பெரிய விளைவைத் தரவல்லது என்பதற்கு இது சான்று.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு முறை இலத்தீன் அங்கே குடிபுகுந்தது. பின்னர் ஆங்கில உயிரொலிகள் பெருமாற்றம் அடைந்தபோது இலத்தீனும் உடன் மாறியது; ‘ரெஜீனா’ போன்ற ஒலி ‘ரிஜைனா’ ஆனது.

சொற்களே சாட்சி

ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்து ஒலியை எப்படி அறிவது? இதற்கு மூன்று சாட்சிகள் உண்டு.

முதற்சாட்சி கடன்சொற்கள். ஜெர்மன் மொழியில் நிலவறைக்குக் ‘கெல்லர்’ என்று பெயர். துறவியின் சிற்றறைக்குத் ‘த்ஸெல்லெ’ என்று பெயர். இரண்டும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. ககரம் வழங்கிய பழங்காலத்தில் வந்தது முன்னது. ககரம் திரிந்த பின் வந்தது பின்னது. ஒரே மொழியின் அகராதியில் இலத்தீனின் இரு காலங்கள் அடுத்தடுத்து உறங்குகின்றன.

இரண்டாம் சாட்சி எழுத்துப்பிழை. கற்றறிந்த ஆசிரியர் திருத்திவிடும் பிழையே ஒலி ஆராய்ச்சியாளருக்குப் புதையல். ‘எனக்கு’ என்னும் பொருளுடைய ‘மிஹி’ என்ற சொல்லை இடைக்கால எழுத்தர் ‘மிக்கி’ என ஒலிக்குமாறு எழுதினர். அவர்கள் காதில் விழுந்தது அதுவே. ‘ஐ’ போல் ஒலித்த பழைய ஈருயிரை வெறும் ஏகாரமாகவே எழுதினர்.

மூன்றாம் சாட்சி இயைபுத் தொடை. அடியிறுதியில் ஒலி ஒன்றி வரப் பாடுவது இடைக்கால இலத்தீன் புலவரின் உயிர்நாடி. எவ்விரு சொற்களை அவர் இயைபாக்கினாரோ, அவ்விரண்டும் அவர் காதில் ஒத்து ஒலித்தன என்பது உறுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பள்ளிகளில் பரவிய சிசெரோ காலத்து ஒலிப்பைக் கொண்டுவந்து இப்பாடல்களின்மேல் ஏற்றினால், ‘ஐ’ ஓரடியிலும் ‘ஏ’ மற்றோரடியிலும் நின்று இயைபு அறுந்துபோகும். கற்றவரே மிகுதியாகத் தவறும் இடம் இது.

போப்பாண்டவரின் கடிதம்

போப்பாண்டவர் பத்தாம் பயஸ் 1903-இல் திருச்சபை இசையைச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தார். 1912-இல் பிரான்சின் பூர்ஜ் நகரப் பேராயருக்கு எழுதிய கடிதத்தில், ரோமாபுரி ஒலிப்பு பரவிவருவதைப் பாராட்டினார். அதன்பின் இத்தாலிய முறை நாடெங்கும் பரவியது. பிரான்சில் எதிர்ப்பும் இருந்தது. எனினும் சில பத்தாண்டுகளில் பழைய பிரெஞ்சு முறை பெரிதும் மறைந்தது.

ஒரே ஒலிப்பு இருப்பதால் பயன் இல்லாமல் இல்லை. இத்தாலிய உயிரொலிகள் தெளிவானவை, பாடுதற்கு எளியவை, எந்நாட்டார் கூடினும் உடனே சேர்ந்து பாடலாம். ஆனால், இழப்பும் உண்டு. 1888-இல் பாரிசில் முதலில் பாடப்பெற்ற ஃபோரேயின் இரங்கற்பாவும், 1723-இல் லைப்சிக் நகருக்கென பாக் இயற்றிய ‘மாக்னிஃபிகாட்’டும் இத்தாலிய நாவுக்காக எழுதப்பட்டவை அல்ல. மெல்லொலி கருதிய இடத்தில் வல்லொலியும், வல்லொலி கருதிய இடத்தில் மெல்லொலியும் வந்து விழுந்தால் இசையின் நிறமே மாறிவிடுகிறது. இதனை உணர்ந்த அறிஞர் அண்மைக்காலத்தில் பழைய வட்டார ஒலிப்புகளை ஆராயத் தலைப்பட்டனர். 1990-இல் ஹெரால்டு கோப்மன் எழுதிய நூலும், 1996-இல் திமோதி மக்கீ முதலியோர் பதிப்பித்த நூலும் பாடகர்க்கெனவே செய்யப்பட்டவை.

ஜெர்மன் பாடல்களின் நிலை

இலத்தீனில் தயங்கும் பாடகர் சிலர், ‘ஜெர்மன் தெரிந்த மொழிதானே’ என்று இடைக்கால ஜெர்மனில் துணிந்துவிடுகின்றனர். தவறு அங்கேதான் மிகுதி. ‘என்னுடைய’ என்னும் சொல் இன்றைய ஜெர்மனில் ‘மைன்’. அன்று அது ‘மீன்’. வீடு இன்று ‘ஹௌஸ்’, அன்று ‘ஹூஸ்’. ‘நல்ல’ என்பது இன்று ‘கூட்’. அன்று ‘குவொட்’ என ஈருயிராக ஒலித்தது. ‘நிறம்’ என்னும் பொருளில் ஓர்ஃபின் பாடலில் வரும் சொல்லை ‘வர்வெ’ என்று வாசிப்போர் உண்டு. அன்றைய ஒலி ‘ஃபர்வெ’ என்பதே.

இந்தப் பழைய ஒலிகள் முற்றும் மாண்டுபோகவில்லை. சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் மக்கள் இன்றும் வீட்டை ‘ஹூஸ்’ என்றே சொல்கின்றனர். பவேரிய நாட்டுப்புறத்தார் இன்றும் ‘குவட்’ என்று ஈருயிரை விடாது ஒலிக்கின்றனர். சுவடியில் ‘வணிகன்’, ‘வா’ என்னும் சொற்களின் முதலில் ககரத்துக்குப் பக்கத்தில் ஒரு மூச்செழுத்தும் சேர்த்து எழுதப்பட்டுள்ளது. தொண்டையில் உராயும் அந்தக் ககரத்தைத் திரோல் மலைவாசிகள் இன்றும் ஒலிக்கின்றனர். அகராதியில் கிடைக்காத விடை மலைச்சிற்றூரில் கிடைக்கிறது.

ஒரு நுட்பமும் இங்கே கருதத்தக்கது. ‘மீன்’ என்பது ‘மைன்’ ஆகும் மாற்றம் 12-ஆம் நூற்றாண்டில் முதலில் தலைகாட்டியது திரோல், கரிந்தியா முதலிய தென்கிழக்குப் பகுதிகளில்தான். சுவடி எழுதப்பட்டதாகக் கருதப்படும் நிலப்பரப்பும் அதுவே. எனினும் எழுத்தர் பழைய ஈகாரத்தையே எழுதியுள்ளார். பாடல்களோ பல நாட்டுப் புலவருடையவை. ஆகவே பழைய ஒலியையே பாடகர் கொள்வது பொருந்தும்.

எதைக் கொள்வது?

ஓர்ஃபின் இசையைப் பாடுவோர் முன்னே இரண்டு காலங்கள் நிற்கின்றன: பாட்டுப் பிறந்த 1230; இசை பிறந்த 1937. இலத்தீன் பாடல்களைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையைக் காட்டுகின்றன. சுவடி எழுதியவரும் தென் ஜெர்மன் மண்ணுக்குரியவர், ஓர்ஃபும் அம்மண்ணுக்குரியவர். ஆதலின் ஜெர்மன் முறை இலத்தீனுக்கே உரிமை மிகுதி. ‘ரெகீனா’வின் ககரமும், ‘த்ஸ’ என்னும் கூரிய ஒலியும் அவருடைய தாளத்துக்குத் தரும் வன்மையை, நெகிழ்ந்த இத்தாலிய ஒலிகள் தருவதில்லை. ஜெர்மன் பாடல்களில் பழைய உயிரொலிகளைக் காக்க வேண்டும்; இல்லையேல் இயைபும் ஓசையும் கெடும்.

இத்தாலிய முறையில் பாடுவது குற்றம் என்று சொல்வதற்கில்லை. பயிற்சிக்குக் குறைந்த நாளே கிடைக்கும் குழுவுக்கு அது கைகொடுக்கும். ஆனால் அதுவே ‘சரியான இலத்தீன்’, ஏனையவை பிழை என்று எண்ணுவதுதான் வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு. இலத்தீன் ஆயிரம் ஆண்டு வாழ்ந்தது ஒரே நாவில் அன்று. பல நாட்டார் நாவில், அவரவர் தாய்மொழியின் சாயலோடு வாழ்ந்தது. பாட்டை எடுக்குமுன் ‘இது எந்த ஊரில், எவர் வாயில் பிறந்தது?’ என்று கேட்டுத் தெளியும் குழுவே, சுவடியில் உறங்கும் எழுத்துக்கு அதன் சொந்தக் குரலைத் திருப்பித் தருகிறது.