மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடிய மரம்

தலைப்பைப் பார்த்துவிட்டு இவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். மரம் ஓடியதாகக் காவல்துறையின் கருவி ஒன்று காட்டியது உண்மை. நடந்தது அமெரிக்காவில், 1979-ல். அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சங்ககிரி லாரிகளின் ஊர். மலைக்கோட்டைக்குக் கீழே எந்தப் பக்கம் திரும்பினாலும் லாரி, லாரிப் பட்டறை, டயர்க் கடை, லாரிக்கு வயரிங் செய்யும் எலக்ட்ரீசியன் கடை. எங்கள் மாமாவும் லாரி ஓட்டியவர்தான். சின்ன வயதில் ஒருமுறை அவரோடு திருச்செங்கோடு சாலையில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு புளியமரத்தடியில் போலீஸ் ஜீப் நின்றது. ஒருவர் கையில் துப்பாக்கி மாதிரி எதையோ வைத்துக்கொண்டு சாலையைக் குறி பார்த்தார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் தாண்டியதும் எதிரே வந்த லாரிக்கு ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்து அணைத்தார். அந்த டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

"எதுக்கு மாமா லைட் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"நாம லைட் போட்டா அவன் மெதுவாப் போவான். போலீஸ்காரரும் அதத்தான கண்ணு கேக்கறாரு?" என்றார்.

ரொம்ப நாள் கழித்து, ரேடார் டிடெக்டர் என்ற கருவியைப் பற்றிப் படிக்கும்போதுதான் தெரிந்தது, மாமா சொன்ன அதே வாதத்தை நூறு வருடத்துக்கு முன்னால் லண்டன் நீதிமன்றத்தில் வக்கீல்கள் பேசியிருக்கிறார்கள் என்று!

சல்யூட் அடிக்காவிட்டால் ஆபத்து

இங்கிலாந்தில் 1903-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டம் மணிக்கு 20 மைல் என்று எல்லை வைத்தது. கூடவே ஒரு நிபந்தனை. ஒரே ஒரு சாட்சி "வேகமாகப் போனான் என்று எனக்குத் தோன்றியது" என்று சொன்னால் மட்டும் தண்டிக்கக் கூடாது. தோன்றினால் போதாது, அளக்க வேண்டும். எனவே போலீஸ்காரர்கள் சாலையில் தூரத்தைக் குறித்துக்கொண்டு, வேலிக்குப் பின்னால் ஒளிந்து, ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்தார்கள்.

கார்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1905-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் ஆட்டோமொபைல் அசோசியேஷன். இன்றைக்கு வண்டி நடுவழியில் நின்றால் உதவிக்கு வரும் அமைப்பு. அன்றைக்கு அதன் முதல் வேலை, சைக்கிளில் ஆட்களை நிறுத்தி "முன்னால் போலீஸ் இருக்கிறது" என்று எச்சரிப்பது!

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1907-ல் தீர்ப்பு வெளியான ஒரு வழக்கில், எச்சரிக்கப்பட்ட கார்கள் வேகமாகப் போனதற்கே ஆதாரம் இல்லை, எனவே எச்சரித்தது குற்றம் இல்லை என்று தீர்ப்பானது. 1910-ல் வெளியான இன்னொரு தீர்ப்பு நேர் எதிர். ஏற்கெனவே வேகமாகப் போய்க்கொண்டிருப்பவனைத் தப்பவைப்பதற்காக எச்சரித்தால், அது காவலரின் பணியைத் தடுப்பதுதான் என்றார்கள்.

சங்கம் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. சங்கத்தின் பேட்ஜ் மாட்டிய காரைப் பார்த்தால் அதன் ஆள் சல்யூட் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் உறுப்பினர் காரை நிறுத்தி ஏன் என்று கேட்க வேண்டும். சல்யூட் அடிக்காததற்காக யார் மேலும் வழக்குப் போட முடியாது அல்லவா? உலகத்தின் முதல் டிடெக்டர் ஒரு மனிதனின் அசையாத கை என்று சொல்லலாம்.

அலை வந்தது

ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்று கேட்கிறது, தாண்டிப் போனதும் தாழ்ந்து கேட்கிறது. இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். கிறிஸ்டியன் டாப்ளர் இதை 1842-ல் சொன்னார். ரேடியோ அலைக்கும் இது பொருந்தும். ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். எவ்வளவு மாறியது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். 24.15 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் கருவியை நோக்கி 80 கி.மீ. வேகத்தில் ஒரு லாரி வந்தால் மாற்றம் சுமார் 3,580 ஹெர்ட்ஸ். பிளஸ் டூ இயற்பியல் தெரிந்தவர்கள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஜான் பார்க்கர், பென் மிட்லாக் என்ற இருவர் இதை ராணுவத் தேவைக்காகக் கருவியாக்கினார்கள். 1947-ல் அந்த மாநிலப் போலீஸ் கிளாஸ்டன்பரி என்ற ஊரில் அதைச் சாலையோரம் வைத்தது. முதலில் எச்சரிக்கை மட்டும்தான். 1949-லிருந்து அபராதச் சீட்டு.

அடுத்த திருப்பத்தைக் கொண்டுவந்தது பெட்ரோல். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் எரிபொருளைச் சேமிக்க அமெரிக்கா முழுவதற்கும் 55 மைல் வேக எல்லை என்று 1974 ஜனவரியில் சட்டமானது. அதாவது சுமார் 88 கி.மீ. நேராக, காலியாகக் கிடக்கும் சாலையில் 55 என்றால் யார் கேட்பார்கள்? லாரிக்காரர்கள் சி.பி. ரேடியோவில் ஒருவருக்கொருவர் "போலீஸ் எங்கே" என்று சொல்லிக்கொண்டார்கள். நம் ஊர் ஹெட்லைட்டின் அமெரிக்க அண்ணன்! கார்க்காரர்களுக்கு டேல் ஸ்மித் என்பவர் உருவாக்கிய 'ஃபஸ்பஸ்டர்' என்ற பெட்டி கிடைத்தது. போலீஸின் அலை பட்டதும் சத்தம் போடும். 1978-ல் ஜிம் ஜேகர், மைக் வாலன்டைன் என்ற இரண்டு இன்ஜினியர்கள் 'எஸ்கார்ட்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். விலை 245 டாலர். சாதாரண ரேடியோவில் இருக்கும் சூப்பர்ஹெட்டிரோடைன் முறையைப் பயன்படுத்தியதால் பழைய பெட்டிகளைவிட வெகு தூரத்திலேயே அலையைப் பிடித்தது.

போலீஸுக்கு முன்னால் பெட்டி எப்படி முந்திக்கொள்கிறது? போலீஸின் அலை காருக்குப் போய், பட்டு, திரும்பி வர வேண்டும். திரும்பும்போது மிகவும் மெலிந்துவிடும். பெட்டிக்கு ஒருவழிப் பயணம்தான். நேராக வருகிற வலுவான அலையையே அது கேட்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

ஸ்போர்ட்ஸ் காரில் வயரை ஒளித்த கதை

ஆரம்பத்தில் இந்தப் பெட்டியை டாஷ்போர்டில் வைத்து, சுருள் வயரை சிகரெட் லைட்டர் துளையில் செருகுவார்கள். இதில் இரண்டு தொல்லை. வயர் கியர் மேல் தொங்கும். வெளியே நிற்கிற போலீஸுக்கும் திருடனுக்கும் பளிச்சென்று தெரியும். காரை விட்டு இறங்கிக் கண்ணாடியில் எதுவும் இல்லாவிட்டாலும், தொங்கும் வயரே காட்டிக்கொடுத்துவிடும்.

எனவே வயரை மறைப்பது ஒரு தனிக் கலையானது. ஃபியூஸ் பெட்டியில், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற ஓர் இணைப்பைக் கண்டுபிடித்து, அதிலிருந்து தனியாக ஒரு சின்ன ஃபியூஸ் போட்டு வயர் எடுக்க வேண்டும். எப்போதும் மின்சாரம் இருக்கும் இணைப்பில் கொடுத்தால், காரை நிறுத்தி வைத்திருக்கும்போது பேட்டரி இறங்கிவிடும். எர்த்தை பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் முறுக்க வேண்டும். பிறகு வயரைக் கண்ணாடி ஓரத் தூண் வழியாக மேலே ஏற்றி, கூரைத் துணிக்குள் செருகி, நடுக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இறக்குவார்கள். இப்போதைய கார்களில் அந்தத் தூணுக்குள் ஏர்பேக் இருக்கும். அதற்கு முன்னால் குறுக்கே வயர் போனால் விபத்தில் ஏர்பேக் சரியாக விரியாமல் போகலாம். போலீஸிடம் தப்பிக்கப் போட்ட வயர் உயிரிடம் தப்பிக்க விடாது!

மாட்டும் இடத்திலும் கணக்கு உண்டு. அலை கண்ணாடிக்குள் நுழையும், இரும்புக்குள் நுழையாது. ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு ஒட்டிப் போவதால் முன்னால் போகும் வண்டி அலையை மறைத்துவிடும். எனவே கண்ணாடியில் முடிந்தவரை உயரத்தில் மாட்டுவார்கள். உலோகப் பூச்சு உள்ள கண்ணாடி என்றால் அதுவும் வீண்.

மரம் ஓடியது

இப்போது மரத்துக்கு வருவோம். 1979-ல் மயாமி நகரத் தொலைக்காட்சி ஒன்று, போலீஸ் ரேடார் கருவி ஒரு மரத்தை மணிக்கு 86 மைல் என்றும் ஒரு வீட்டை 28 மைல் என்றும் அளந்ததைக் காட்டியது. ஊரே சிரித்தது. நீதிபதி ஆல்ஃப்ரட் நெஸ்பிட் நிபுணர்களை அழைத்து விசாரித்து, 80 அபராத வழக்குகளைத் தள்ளுபடி செய்தார்.

ரேடார் பொய் சொல்லாது. ஆனால் எதைப் பார்த்தது என்பதையும் சொல்லாது. முன்னால் வரும் சின்னக் காரைவிடப் பின்னால் வரும் பெரிய லாரியிலிருந்து திரும்பும் அலை வலுவாக இருந்தால், கருவி காட்டுவது லாரியின் வேகத்தை. பக்கத்தில் ஓடும் மின்விசிறி, வயர்லெஸ் அலை இவையும் குழப்பும். மயாமிக்குப் பிறகு கருவிகளைச் சோதிப்பதிலும் போலீஸாருக்குப் பயிற்சி கொடுப்பதிலும் கவனம் கூடியது. அளப்பவரை அளக்கவும் ஆள் வேண்டும் என்பதை உலகத்துக்குக் காட்டியது அந்த மரம்தான்.

இந்த வரலாற்றில் எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. 1994-லிருந்து அமெரிக்க மத்திய அரசு விதிப்படி கனரக வணிக வாகனங்களில் ரேடார் டிடெக்டர் வைக்கக் கூடாது. சொந்தக் காரில் வைத்துக்கொள்ள வர்ஜீனியா, வாஷிங்டன் தலைநகர்ப் பகுதி தவிரப் பெரும்பாலான மாநிலங்களில் தடை இல்லை. 30 டன் லாரி நிற்க அதிக தூரம் வேண்டும், எனவே கட்டுப்பாடு வேண்டும் என்பது நியாயம். ஆனால் 200 கி.மீ. வேகம் போகும் ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் காதுக்குள் ரகசியம் சொல்ல ஒரு பெட்டி எதற்கு?

நம் ஊரில் வேறு பெட்டி

இங்கே லாரிக்குள் வந்தது டிடெக்டர் இல்லை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. மத்திய அரசின் 2015 ஏப்ரல் அறிவிக்கையின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரும்பாலான போக்குவரத்து வாகனங்கள் 80 கி.மீ.-க்கு மேல் போகாதபடி இந்தக் கருவியோடு வர வேண்டும். வண்டியின் வேகத்தை சென்சாரிலிருந்து தெரிந்துகொண்டு, எல்லை வந்ததும் டீசலைக் குறைத்துவிடும். அங்கே 12 வோல்ட் காரில் ஒரு எலக்ட்ரீசியன் வேகத்தை மறைக்க வயர் இழுத்தார். இங்கே 24 வோல்ட் லாரியில் ஒரு எலக்ட்ரீசியன் வேகத்தைக் கட்ட வயர் இழுக்கிறார். சீலை உடைத்து அதே வயரைப் பிடுங்கிவிடுகிறவர்களும் உண்டு என்பது லாரி ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

சட்டத்தைப் பார்த்தால் ஆச்சரியம். நம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவிலும் அந்தப் பழைய 1903 நிபந்தனை இருக்கிறது. ஒரு சாட்சியின் அபிப்பிராயம் மட்டும் போதாது, கருவியால் அளந்திருக்க வேண்டும். எங்கள் மாமாவைக் குறி பார்த்த அந்தத் துப்பாக்கிக்கு வேர் இங்கிலாந்தின் வேலியோரத்தில் இருக்கிறது.

இப்போது பல இடங்களில் ரேடாருக்குப் பதில் லேசர் துப்பாக்கி வந்துவிட்டது. அதன் கதிர் 300 மீட்டர் தூரத்தில்கூட சுமார் ஒரு மீட்டர் அகலம்தான். பெட்டி கத்தும் நேரத்தில் உங்கள் வேகம் பதிவாகியிருக்கும். இன்னொன்று, 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதிப்படி, மின்னணுக் கருவி கண்காணிக்கும் இடத்துக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். அன்று குற்றமாகிப்போன எச்சரிக்கை, இன்று அரசே செய்ய வேண்டிய கடமை!

புளியமரம் வரைக்கும்

அப்படியானால் மாமா சொன்னதுதானே சரி? நானும் அப்படித்தான் நினைத்தேன். போன வருடம் அவரிடம் இந்த லண்டன் வழக்குகளைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

"ஒருக்கா ஒருத்தனுக்கு லைட் போட்டேன். புளியமரம் வரைக்கும் பதவிசாப் போயிருக்கான். அதத் தாண்டி வளைவுல வண்டியக் கவுத்துட்டான். காலு போச்சு. திரும்பி வர்றப்பதான் பாத்தேன். நான் போட்ட லைட்டு அந்த மரம் வரைக்குந்தான் வேல செஞ்சுது கண்ணு" என்றார்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அரசுக் கணக்குப்படி பத்தில் ஏழு மரணம் அதிவேகத்தால். சல்யூட், சி.பி. ரேடியோ, 245 டாலர் பெட்டி, ஹெட்லைட் எல்லாமே சொன்னது ஒன்றுதான்: போலீஸ் எங்கே இருக்கிறார் என்று. வளைவு எங்கே இருக்கிறது என்று எதுவும் சொல்லவில்லை.

அளக்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை வேண்டும். மயாமி மரம் அதற்குச் சாட்சி. ஆனால் அளப்பவர் இல்லாத இடத்திலும் அதே வேகத்தில் போகிறோமா என்பதை எந்த வயரும் முடிவு செய்யாது. மாமா இப்போதும் எதிரே வருகிறவர்களுக்கு லைட் போடுகிறார். புளியமரத்துக்கு இல்லை, வளைவுக்கு.