கொண்டையூசி வளைவில் கியர் தேர்வு

வளைவில் கியர் தேர்வு என்பது, மோட்டார் சைக்கிள் வளைவுக்குள் சாய்வதற்கு முன்பே வேகத்துக்கும் சரிவுக்கும் ஏற்ற கியரைப் போட்டுக்கொள்ளும் ஓட்டுமுறை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இதன் காரணங்கள் வேறு. 70 கொண்டையூசி வளைவுகள் கொண்ட நாமக்கல் மாவட்டக் கொல்லிமலைச் சாலையில் இரண்டையும் காணலாம். ஏற்றத்தில் உயர்ந்த கியரில் நுழைந்தால் எஞ்சின் திணறி, சங்கிலி உதறி, சாய்ந்த வண்டி உட்பக்கம் விழப் பார்க்கும். இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியர் எஞ்சினையே பிரேக்காக்குகிறது. கைப்பிரேக்கையும் கால்பிரேக்கையும் மட்டும் நம்பினால் அவை சூடேறிப் பிடிப்பு தளரும்.

தாழ்ந்த கியர் பெட்ரோலைக் குடிக்கும் என்ற மறுப்பு இறக்கத்துக்குப் பொருந்தாது. எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகளில் ஆக்ஸிலேட்டரை முழுதும் விட்டால், எஞ்சின் சுழற்சி போதிய அளவில் இருக்கும்வரை பெட்ரோல் பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில் உருட்டும்போதுதான் ஐடிலிங்குக்குச் செலவாகும். தாழ்ந்த கியர் பின்சக்கரத்தைப் பூட்டிவிடும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது நேர்வது, சாய்ந்த நிலையில் கியரைக் குறைத்துக் கிளட்சைச் சட்டென்று விடும்போது. சில வண்டிகளில் உள்ள, சற்றே வழுக்கிக் கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச், அப்போது எழும் அதிர்வைக் குறைக்கும், முழுவதும் நீக்காது. ஆகவே கியர் மாற்றம் நேர்ச்சாலையிலேயே முடிந்துவிட வேண்டும்.