ஹாரியட் டப்மன்

ஹாரியட் டப்மன் (ஏறத்தாழ 1822–1913) அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பிச் சென்று, பிறரை மீட்கத் திரும்பத் திரும்ப வந்த கறுப்பினப் பெண். மேரிலாந்து மாநிலத்தின் டார்செஸ்டர் மாவட்டத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அரமிண்டா ராஸ். அடிமைகளின் பிறந்தநாளை எவரும் குறித்து வைக்காததால் ஆண்டுகூட உறுதியில்லை.

சிறு வயதிலேயே வேற்று வீடுகளுக்கு வாடகைக்கு விடப்பட்டார். தட்டம்மை கண்டிருந்தபோதும் சதுப்புநிலத் தண்ணீரில் இறங்கி நீரெலிகளுக்கு வைத்த பொறிகளைப் பார்த்துவர வேண்டியிருந்தது. பதின்வயதில், ஒரு கடையில் மேற்பார்வையாளன் வேறொரு அடிமைமேல் எறிந்த எடைக்கல் அவர் தலையைத் தாக்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிப்போகும் உபாதை அன்று முதல் சாகும்வரை நீங்கவில்லை. 1844 அளவில் ஜான் டப்மனை மணந்தார். தாயின் பெயரான ஹாரியட்டைத் தமதாக்கிக்கொண்டார்.

1849இல் உரிமையாளர் இறக்கவே, விற்றுவிடுவார்கள் என்ற அச்சத்தில் பிலடெல்பியாவுக்குத் தப்பினார். அடுத்த ஆண்டே, வட மாநிலங்களில் ஒளிந்திருப்போரையும் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க வகைசெய்யும் கடுமையான சட்டம் வந்தது. ஆகவே, பிறரை மீட்க மேரிலாந்துக்குத் திரும்பிச் சென்ற அவர், தாம் அழைத்து வந்தவர்களைக் கனடாவரை கொண்டு சேர்க்க வேண்டியதாயிற்று. இரகசியமாக அடைக்கலம் தந்த வீடுகளும் வழிகாட்டிகளும் சேர்ந்த இந்த ஏற்பாட்டுக்கு 'நிலத்தடி இரயில்பாதை' என்று பெயர். இரயிலோ சுரங்கமோ அதில் கிடையாது.

டப்மனின் துணிச்சலைப் புகழ்வோர் அவருடைய திட்டமிடலை மறந்துவிடுகிறார்கள். இரவு நீண்ட குளிர்காலத்தையே அவர் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார். சனிக்கிழமை இரவில் புறப்பட்டால், தேடுதல் விளம்பரம் திங்கள்வரை செய்தித்தாளில் வராது. கைக்குழந்தைகள் அழுது காட்டிக்கொடுத்துவிடாமலிருக்க மருந்து கொடுத்து உறங்கவைத்தார். 1857இல், நெடுந்தூரம் நடக்க முடியாத முதிய பெற்றோருக்காகப் பழைய சக்கரங்களின் அச்சில் பலகையைப் பொருத்தி, குதிரை பூட்டிய வண்டியில் ஏற்றி வந்தார். சுமார் 13 பயணங்களில் அவர் மீட்டவர்கள் 70 பேர் அளவில் இருப்பர். பழைய நூல்கள் சொல்லும் 300 மிகை.

உள்நாட்டுப் போரில் வட மாநிலப் படைக்குச் செவிலியாகவும் ஒற்றராகவும் பணியாற்றினார். 1863 ஜூன் 2 அன்று தென் கரோலினாவின் கம்பாஹீ ஆற்றில் படகுகளில் சென்ற படைக்கு வழிகாட்டினார். ஒரே நாளில் 700க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற்றனர். இவ்வளவு செய்தும் அரசு ஓய்வூதியம் தரப் பல்லாண்டு இழுத்தடித்தது. 1899இல்தான் மாதம் 20 டாலர் கிடைத்தது. அதிலும் 8 டாலர், போர்வீரரான இரண்டாம் கணவரின் விதவை என்பதற்காக.

பிற்காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் வாழ்ந்து, பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசினார். அவர் முயற்சியால் அங்கே உருவான முதியோர் இல்லம் 1908இல் திறக்கப்பட்டது. 1913 மார்ச் 10 அன்று அந்த இல்லத்திலேயே காலமானார்; இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.