டன்ஹாம், கேத்தரின் (1909–2006)

கறுப்பின அமெரிக்க நடனக் கலைஞர், மானிடவியலாளர். 1935-36இல் கரீபியன் தீவுகளில், குறிப்பாக ஹெய்ட்டியில், ஆப்பிரிக்க வழிவந்த ஆட்டங்களை ஆய்ந்து, அவற்றைக் கொண்டு தனி நடனப் பயிற்சி முறையை உருவாக்கினார்.

உலக மேடைகளில் புகழ்பெற்றவர் கடைசியில் குடியேறியது, வறுமை வாட்டிய கிழக்கு செயின்ட் லூயிஸில். 1967இல் அங்கே அவர் தொடங்கிய கலைப் பயிற்சி மையத்தில், தெருக்கும்பல்களில் திரிந்த கறுப்பின இளைஞர்களும் நடனம், தாளம், தற்காப்புக் கலை பயின்றனர். மேடை வெற்றிகளைவிட இதுவே பெரிது எனலாம். கற்றுத்தர செனகலிலிருந்து மேளக் கலைஞர் மோர் தியாமை வரவழைத்தார்.

ஹெய்ட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பியனுப்பியதை எதிர்த்து, 1992இல், 82 வயதில், 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார்.